படத்தின் அடியில் ஒரு வரி

அமிர்தலிங்கம் அச்சகத்துக்குள் நுழைந்தபோது மூவாயிரம் படத் தபாலட்டைகளின் அடிவரி நறுக்கப்பட்டுத் தரையில் குப்பையாகக் கிடந்தது.

காவல் அலுவலகத்திலிருந்து முந்தின நாள் உத்தரவு வந்திருந்தது. லாபு ரப்பர் தோட்டத்துப் படத்தில் புது முள்வேலியும் காவல்மேடையும் தெரிகின்றன, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அடையாளமாகிவிடும், ஊர்ப்பெயரை எடுத்த பிறகே விற்கலாம் என்று. தம்பி மணியம் அண்ணன் வரும்வரை பொறுக்கவில்லை. கட்டுக் கட்டாக வைத்து வெட்டித் தள்ளிவிட்டான்.

ஊர்ப்பெயரோடு 'நல்லசாமி பிரஸ், சிரம்பான்' என்பதும் போயிற்று.

அவர்கள் தகப்பனார் நல்லசாமி, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை உதறிவிட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அச்சகம் தொடங்கியவர். முதல் அட்டையே லாபு தோட்டம்தான். ஊரும் தம் பேரும் ஒரே வரியில் நிற்க வேண்டும் என்று அவர் வைத்த ஏற்பாட்டை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில்கூட யாரும் மாற்றியதில்லை.

"ஊர் பேரத்தான் எடுக்கச் சொன்னாங்க, அண்ணே. நம்ம பேரு பக்கத்துல ஒட்டிக்கிட்டு நின்னா நான் என்ன செய்றது லா?"

"ஊர் மேல ஒரு கறுப்புக் கோடு போட்டா ஆவாதா? கை அரிச்சுதோ?"

அந்த யோசனை மணியத்துக்கு வரவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அமிர்தலிங்கம் காவல் அலுவலகத்தில் வெட்டிய அட்டையோடு போய் நின்றார். அட்டையைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, அச்சடித்தவர் பெயரில்லாமல் ஒன்று வெளியே போனாலும் உரிமம் போய்விடும் என்றார். முந்தின நாள் உத்தரவில் கையெழுத்திட்டவரும் அவரே.

வெட்டிய அட்டையை இயந்திரத்தில் திரும்ப ஏற்றினால் படம் கசங்கியது. ரப்பர் முத்திரை குத்தலாம் என்றான் மணியம். முத்திரை குத்துவது அரிசி மூட்டைக்குக் குறி போடுகிறவன் வேலை என்று இளக்காரம் பேசியவர் அப்பா. வேறு வழியில்லை. மூவாயிரம் அட்டையின் முதுகிலும் அச்சகத்தின் பேரையும் ஊரையும் அமிர்தலிங்கமே குத்தினார். மணியத்தைத் தொடவிடவில்லை. ஒன்றுகூடக் கோணவில்லை.

சி ரூசா கடற்கரையில் அட்டை விற்கும் ஜஹாங்கீரின் கடைக்கு அவரே கொண்டுபோனார். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் ஒன்றை வாங்கி, அங்கேயே சாய்ந்து நின்று வீட்டுக்கு எழுதினான். இடம் போதவில்லை போலும். பேனா நல்லசாமியின் மேலேறி, சிரம்பானைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அமிர்தலிங்கத்தின் முகத்தைக் கண்ட ஜஹாங்கீர் சிரித்தார். "பின்னால எழுதத்தானே அண்ணே அட்ட வாங்குறாங்க."

"அதனாலதான்யா எங்கப்பா பேர முன்னால போட்டாரு," என்றார் அமிர்தலிங்கம். ஜஹாங்கீர் ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமல் பஸ்ஸுக்கு நடந்தார்.