வீட்டுக்குத் தூரம்

2024ஆம் ஆண்டு ஜூன் 12, புதன்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, கச்சிராயபாளையத்தில் ஓர் அறக்கட்டளையின் அலுவலகப் பலகையில் இரண்டு பட்டியல்கள் ஒட்டப்பட்டன. அறக்கட்டளையின் நிதியுதவியில் கல்வராயன் மலைப் பெண்களுக்குச் சுகாதார உதவியாளர் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் தத்தம் ஊரிலேயே சம்பளத்தோடு வேலை. நான்கு இடங்களுக்கு முப்பத்தொன்பது பேர் விண்ணப்பித்திருந்தனர். பவானியின் பெயர் நிராகரிக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தது. காரணம்: தூரம் அதிகம்.

வேலை பார்க்கும் துணைச் சுகாதார நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வசிக்க வேண்டும் என்பது விதி. பவானி தன் வாசலில் நின்று கூப்பிட்டால் நிலையத்தில் கேட்கும். இந்த வேலை கிடைக்காவிட்டால், ஆடி பிறக்குமுன் கணவனோடு கேரளத்து மிளகுத் தோட்டத்துக்குப் போக வேண்டும். பிள்ளைகள் இருவரின் படிப்பும் அதோடு நின்றுவிடும். அவள் உள்ளே போனாள்.

அலுவலர் விஜயராகவன் விண்ணப்பத்தைத் தேடி எடுத்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, வீட்டுக்குத் தூரம் எவ்வளவுன்னு கேட்டா மூணு நாள்னு எழுதி வெச்சிருக்கியே? மூணு நாளும் நடந்துகினே இருப்பியா?"

அறையில் இருந்த ஆண்கள் ஐவரும் சேர்ந்து சிரித்தனர். பவானிக்கு விஷயம் விளங்கியதும் காது சுட்டது. பேசாமல் திரும்பினால் வெட்கப்படாமல் தப்பலாம், ஆனால் வேலை போய்விடும்.

"ஃபாரத்துல மேல ரத்த அழுத்தம், சுகருன்னு கேட்டுட்டு, கீழ வூட்டுக்குத் தூரம்னா நாங்க இன்னா சார் நெனைப்போம்? மாசவிலக்கு எத்தினி நாளுன்னு கேக்கறீங்கன்னு எழுதினேன். நான் மட்டும் இல்லீங்க, எங்க பக்கம் நெறைய பேரு அப்படித்தான் எழுதினாங்க."

சிரிப்பு நின்றது. மூலையில் மருந்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த செவிலியர் கொளஞ்சியம்மாள் நிமிர்ந்தார்.

"இந்த ஃபாரத்த எழுதின புண்ணியவான் யாருங்க சார்?"

"நான்தான்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல?"

விஜயராகவன் நிராகரித்த விண்ணப்பங்களை மீண்டும் மேசைமேல் பரப்பினார். மேலும் பதினொருவர் நாள் கணக்கே எழுதியிருந்தனர். ஒருத்தி, "ஐந்து நாள், வயிற்றுவலியும் உண்டு" என்று விவரமாகவே குறித்திருந்தாள்.

அன்று மாலை தேர்வுக்குழு கூடியது. இரண்டு பட்டியல்களும் ரத்து செய்யப்பட்டன. பன்னிருவரின் விண்ணப்பங்களும் ஏற்கப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்படி புதிய வரிசை அமைக்கப்பட்டதில், முன்பு தேர்வாகியிருந்த இருவர் இடம் இழந்தனர். பவானிக்கு நான்காம் இடம் வழங்கப்பட்டது. பயிற்சியை ஜூலை முதல் தேதி கள்ளக்குறிச்சியில் தொடங்குவது என முடிவாயிற்று.