மயில்கழுத்துப் பச்சை

"அந்தப் பச்சையக் கழுவிட்டு வெளிய வா, நிரஞ்சனா! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கார்பார்க்குல எடம் தேடிட்டு இருக்காங்க."

குளியலறை வாசலில் நின்றது தங்கம், நிரஞ்சனாவின் மூத்த நாத்தனார். உள்ளே நிரஞ்சனாவின் ஒரு கண்ணிமையில் மயில்கழுத்துப் பச்சை. மறு இமை வெறுமை. மகள் திவ்யதர்ஷினியின் ஐஷேடோ அது. தஞ்சோங் பகார் அலுவலகத்துக்கும் பிரவுன், கோயிலுக்கும் பிரவுன் என்று இருந்தவள், மகளின் நிச்சயத்தன்றாவது துணிந்து பார்ப்போமே என்று ஆசைப்பட்டுவிட்டாள்.

"திவ்யாதான் போட்டுக்கச் சொன்னா, அண்ணி."

"அவ சின்னப் புள்ள. நீ? பிரவுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க லா. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?"

முற்போக்கான குடும்பம், அவர்களே சொல்லிக்கொள்வார்கள். கணவனை இழந்தவள் அங்கே பொட்டு வைக்கலாம். வேலைக்குப் போகலாம், இந்தத் தோ பாயோ அடுக்குமாடி வீட்டை ஒற்றை ஆளாகத் தாங்கலாம், மகளைப் பல்கலைக்கழகம்வரை படிக்க வைக்கலாம். நிச்சயத் தட்டை மட்டும் தொடக் கூடாது, அபசகுனம். தட்டு மாற்றக் கணவனின் அண்ணன் ரெங்கசாமி இருக்கிறார். அவர் மனைவி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லைதான். ஆனால் ஆண்பிள்ளைக்கு ஏது தோஷம்?

"தலைக்கு டை அடிச்சதும் அண்ணனுக்குப் பத்து வயசு கொறஞ்சி போச்சு," என்று தங்கம் காலையிலிருந்து பூரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பெண்கூடப் பார்த்து வைத்திருக்கிறாளாம்.

நிரஞ்சனா குழாயைத் திறந்தாள். பத்து மாதம் சுமந்து பெற்றவள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டுமா? கழுவ மனம் வரவில்லை. குழாயை மூடிவிட்டு மறு இமைக்கும் பச்சை தீட்டினாள், முதல் இமையைவிடச் சற்றுத் தாராளமாகவே.

கூடத்தில் எள் விழ இடமில்லை. அத்தனை பேர் மூச்சுக்கு ஏர்கான் தோற்றுப்போயிருந்தது. "பொண்ணு வீட்டுல தட்டு மாத்துறவங்க வாங்க," என்று ஐயர் கூப்பிட்டார். ரெங்கசாமி எழுந்து, தட்டைத் தூக்கக் குனிந்தார். நெற்றி வியர்வையோடு கறுப்புச் சாயம் கரைந்து மூக்கின்மேல் இறங்கியது.

"ஐயோ, அசையாதீங்கண்ணே!" தங்கம் கைக்குட்டையோடு பாய்ந்தாள்.

பின்வரிசையிலிருந்து வந்த நிரஞ்சனா தட்டைக் கையில் எடுத்தாள்.

"நீங்க மாமாவுக்குப் பொறுமையாத் தொடச்சி விடுங்க, அண்ணி. என் பொண்ணுக்கு நான் தட்டு மாத்திக்கிறேன்."

மாப்பிள்ளையின் தாய் ஒரு கணம் அந்தப் பச்சைக் கண்களைப் பார்த்தார். பிறகு தம் தட்டை நீட்டினார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

பந்தியில் தங்கம் சம்பந்தியம்மாள் காதோடு மன்னிப்புக் கேட்டாள். "தப்பா நெனச்சிக்காதீங்க. கண்ணுல இப்படிக் கலரு பூசிக்கிட்டு வர்ற பழக்கமெல்லாம் எங்க குடும்பத்துல கெடையாது."

சொன்னவளின் விரல் இடுக்கெல்லாம் அண்ணனின் கறுப்பு.