பூட்டிக்கொண்ட கேமரா

கப்பலில் சரக்கறையின் வாயை அடைத்திருக்கும் ஹாட்ச் மூடி திறக்கிற வரைக்கும் ஒரு வேலையும் ஓடாது. மூட்டை இறக்குகிற கேங் ஆட்கள் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கிரேனின் கொக்கி தலைக்கு மேலே சும்மா தொங்கியது. மெட்டில்டா கழுத்தில் கேமராவோடு, ஹெல்மெட்டுக்குள் வேர்வை வழிய நிழல் தேடினாள். துறைமுகத்தில் ஏது நிழல்? சரக்கு இறக்குகிற காண்ட்ராக்ட் கம்பெனியில் போட்டோ எடுக்கிறவள் அவள். இறங்குகிற மூட்டை நனைந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று படம் பிடிப்பதுதான் சோலி. இந்தத் தடவை வந்திருந்தது முந்திரிக்கொட்டை.

மூடி திறந்ததும் ஆவுடையப்பன் மேஸ்திரி கொக்கியைக் கீழே இறக்கச் சொன்னார். புதுக் கப்பலில் கை வைக்குமுன் கொக்கிக்குக் குங்குமம் வைத்து, முனையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்திவிட்டுத்தான் அந்தக் கேங் வேலை தொடங்கும். கூடவே ஒரு போட்டோவும் எடுத்தாக வேண்டும். பேச்சிராஜா வழக்கம்போல நடுவில் நின்று, கொக்கியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"ஏளா, மூஞ்சி தெளிவா விழணும். ஊர்ல எல்லாவனும் ஸ்டேட்டஸ்ல பாக்கான்."

"உம்ம மூஞ்சி எப்பிடியோ அப்பிடித்தான் விழும், அண்ணே. கேமரா என்னத்தச் செய்யும்?"

கேங் முழுக்கச் சிரித்தது.

அந்தக் கேமராவில் வைஃபை உண்டு. திறந்து விட்டால் ஆட்கள் தங்கள் போனிலேயே படத்தை இழுத்துக்கொள்வார்கள். முதலில் பாஸ்வேர்டு வைத்துத்தான் இருந்தாள். கிரீஸ் படிந்த விரலால் அதை அடிக்க முடியாமல் ஆளாளுக்கு அவளிடம் போனை நீட்டினார்கள். மேனேஜர் அச்யுதன் சாருக்கும் அதே தொல்லைதான். கப்பல் பக்கத்தில் காரை நிறுத்தி, ஏசியில் உட்கார்ந்தபடியே படங்களைப் பார்க்க வேண்டும் அவருக்கு. "அந்தப் பாஸ்வேர்ட எடுத்துத் தொலைம்மா" என்றார். எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து கேமரா வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் திறந்தே கிடந்தது. அப்டேட் செய்யச் சொல்லித் திரையில் மாசக்கணக்காக ஒரு எச்சரிக்கை வேறு. அதைக் கேட்கப் போனதற்கு, "நோண்டாத. கெட்டுப்போனா நீயா வாங்கித் தருவ?" என்று அச்யுதன் எரிந்து விழுந்தார்.

கொக்கியில் சிலிங்கை மாட்டும்போதுதான் மெட்டில்டா கவனித்தாள். மூட்டைகளைச் சுற்றித் தூக்குகிற அந்த இரும்புக் கயிறு ஓரிடத்தில் பிரிந்து, கம்பிகள் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. பேச்சிராஜா உள்ளங்கையைக் காட்டினான். கையுறையைக் கிழித்துக் கீறியிருந்தது. "சவம், என்னமா குத்துது பாரு." அவள் கிட்டப் போய் அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்தாள். சிலிங்கில் அடித்திருந்த மஞ்சள் பெயின்ட் அடையாளமும் படத்தில் விழுந்தது.

காருக்கு ஓடினாள். "சார், சிலிங் பிரிஞ்சிருக்கு. இப்ப எடுத்த படத்தப் பாருங்க."

அச்யுதன் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார். போனில் விரலை ஓட்டினார். "பாத்தேன், பாத்தேன். கப்பல நிறுத்தி வச்சா முதலாளி என் தோல உரிச்சிருவாரு. நீ போய் மூட்டைய எடு."

அன்றைக்கு மத்தியானமே நடந்துவிட்டது. தூக்கின பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பேச்சிராஜாவின் வலது கை மூட்டைக் கட்டுக்கும் ஹாட்ச் விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவன் போட்ட சத்தம் மெட்டில்டாவின் காதை விட்டுப் போகவே இல்லை.

கம்பெனி எழுதிய ரிப்போர்ட்டில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று இருந்தது. சிலிங் நல்ல நிலையில் இருந்ததாம். தொங்குகிற பாரத்துக்கு அடியில் அவனாகவே கையை நீட்டினானாம். அது நிலைத்துவிட்டால் நஷ்ட ஈடும் கிடையாது, துறைமுகத்துக்குள் நுழைய கேட் பாஸும் கிடையாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சிராஜாவின் மனைவி இசக்கித்தாய் மெட்டில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏரல் பக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், புருஷனுக்கு அடிபட்டது கேட்டுச் சேற்றுக்காலோடு பஸ் ஏறியிருந்தாள்.

"விரல எல்லாம் எடுத்துட்டாங்க. குடிச்சிருந்தாருன்னு வேற சொல்லுதானுவ. ஏளா, அந்தக் கம்பிய நீ படம் எடுத்திருக்கேன்னு இவரு சொல்லுதாரு. உண்டா, இல்லியா?"

"உண்டு மதினி. கேமராவுக்குள்ள பத்திரமா இருக்கு. மாதா மேல சத்தியமா, நாளைக்கே கொண்டாந்து தாரேன்."

மறுநாள் ஆபீஸ் அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து ஆன் செய்தாள். ஒரு படமும் திறக்கவில்லை. எல்லாம் கறுப்புக் கட்டம். நடுவில் இங்கிலீஷில் நாலு வரி: உன் படங்களைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம். கார்டைக் கழற்றி மறுபடி போட்டாள்; அதே நாலு வரிதான்.

கம்ப்யூட்டர் பார்க்கிறவரை அச்யுதன் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தார். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "வைஃபைய இப்பிடித் திறந்து போட்டா, பக்கத்துல நிக்கிற எவனும் உள்ள நுழைவான். வேலை முடிஞ்சா அணைக்கணும். அப்டேட் போடணும். கார்டுல உள்ளத அன்னன்னைக்கே வேற இடத்துல ஏத்தி வைக்கணும். பாஸ்வேர்டு இல்லாம வச்சது யாரு?"

"இந்தப் பொண்ணுதான். கேங்காரனுவ ஸ்டேட்டஸ் போடுறதுக்காக" என்றார் அச்யுதன்.

மெட்டில்டா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்கதான சார் எடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னதுக்குச் சாட்சி வச்சிருக்கியா?"

"சிலிங் படத்த அன்னைக்கே கார்ல வச்சுப் பாத்தீங்களே. அது உங்க போன்ல இருக்குமே."

"நான் பாத்தது மூட்டை மட்டும்தான்."

கேட் வாசலில் ஆவுடையப்பனைப் பிடித்தாள். அவர் தன் போனைத் திறந்து காட்டினார். கேங்கில் எல்லார் போனிலும் இருந்தது அந்த எலுமிச்சம்பழப் படம்தான். பிய்ந்த கம்பியை எவன் ஸ்டேட்டஸில் வைப்பான்?

"படம் இல்லாட்டாப் போகுது அண்ணாச்சி. கம்பி பிரிஞ்சிருந்துதுன்னு வாயால வந்து சொல்லுங்க."

"எனக்கும் கேட் பாஸ் இருக்குல்லா. வழிய விடு."

இசக்கித்தாயிடம் சொன்னபோது அவள் அழவில்லை. மெட்டில்டாவை மேலும் கீழும் பார்த்தாள். "பூட்டிக்கிட்டுதா? கேமரா தானாப் பூட்டிக்கிட்டுதா? யாருகிட்டளா வித்த? நீ நல்லா இருப்பியா?" வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெட்டில்டா சுவரோடு ஒட்டி நடந்து வெளியே வந்தாள். ரோட்டோரத்தில் நின்று அழுது தீர்த்தாள்.

முந்திரிக்கொட்டைச் சரக்கின் சொந்தக்காரர் சும்மா இருக்கவில்லை. நனைந்த மூட்டைகளின் படம் இல்லாமல் அவருக்கு இன்சூரன்ஸ் வராது. கம்பெனியைப் போட்டு நெருக்கினார். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, கேமராவைப் பூட்டியவனுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டினார். படங்கள் திறந்துகொண்டன என்று கேள்விப்பட்டதும் மெட்டில்டா மூச்சிரைக்க மாடியேறினாள்.

அச்யுதனின் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நனைந்த மூட்டை, கிழிந்த மூட்டை, சிந்திக் கிடக்கிற கொட்டை, எல்லாம் பளிச்சென்று இருந்தன. எலுமிச்சம்பழமும் இருந்தது, பேச்சிராஜா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அதற்கு அடுத்தது மூட்டைப் படம். கம்பியைக் காணோம்.

"வைரஸ் தின்னுருக்கும்" என்றார் அச்யுதன்.

"எலுமிச்சம்பழத்த விட்டுட்டுக் கம்பிய மட்டும் தின்னுச்சா சார்?"

அவர் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். அவள் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தன்மேலேயே வெறுப்பு வந்தது. திரும்பிப் படியிறங்கினாள்.

அடுத்த கப்பலுக்குக் கேமரா அப்டேட்டோடு வந்தது. புதுப் பாஸ்வேர்டு அச்யுதனுக்கு மட்டும்தான் தெரியும். ஆட்களைப் படம் எடுக்கக் கூடாது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கேங் வழக்கம்போலக் கொக்கிக்குக் குங்குமம் வைத்தது. பேச்சிராஜா நின்ற இடத்தில் விளாத்திகுளத்துக்காரன் ஒருத்தன் புதிதாக நின்றான். போட்டோ எடு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஆவுடையப்பன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கொக்கிக்குச் சிலிங்கைக் கொண்டுவந்தார்கள். மேலெல்லாம் புதுசாகக் கிரீஸ் அப்பி மொழுமொழுவென்றிருந்தது. ஒரு முனையில் மட்டும் கிரீஸ் படாமல் அதே மஞ்சள் பெயின்ட் அடையாளம் தெரிந்தது. மெட்டில்டா கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினாள். காரின் ஹாரன் அலறியது. கண்ணாடிக்குள்ளிருந்து அச்யுதன் மூட்டைப் பக்கம் விரலை நீட்டினார்.

புது ஆள் சிலிங்கை இரண்டு கையாலும் பிடித்துக் கொக்கியில் மாட்டினான். சட்டென்று வலது கையை உதறினான். கிரீஸை வழித்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தான்.

"என்னமோ குத்துது" என்றான்.