கிடுகிடுவின் மனைவி தேர்ந்தெடுத்தது

கணவர் இறந்து ஒன்பது மாதம் வரைக்கும் அவருடைய கைகளின் நடுக்கம் நிற்கவில்லை. புதைத்த இடத்தில் மண் அதிர்ந்துகொண்டே இருந்ததால் பக்கத்துக் கல்லறையின் பளிங்குப் பலகை குறுக்கே விரிசல் விட்டது. அந்தக் குடும்பத்தார் கல்லறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அலுவலகம் ஓர் ஆளை அனுப்பி அளந்து பார்த்துவிட்டு, மண் இளக்கம் என்று குறித்துக்கொண்டு கோப்பை மூடியது. வீட்டிலும் இதே கதைதான். கட்டிலின் இடது பாதி, அதாவது அவர் படுத்த பாதி, பகலிலும் மெல்ல அதிர்ந்தது. துவைத்த துணியை மடித்து அங்கே வைத்தால் சாயங்காலத்துக்குள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்திருக்கும். மனைவி அதற்காக வருத்தப்படவில்லை. தினமும் படுக்கை விரிப்பை இழுத்துவிட்டு, அந்தப் பாதியில் உள்ளங்கையைச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அவர் சாலை உடைக்கும் இயந்திரம் பிடித்தவர். இருபத்திரண்டு வருடம் கான்கிரீட்டையும் தாரையும் பிளந்ததில் அந்த அதிர்வு கைகளிலேயே குடியேறிவிட்டது. தெருவில் அவரைக் கிடுகிடு என்றுதான் கூப்பிட்டார்கள். காபி டம்ளருக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டுதான் குடிப்பார். மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலையும் ரத்தத்தையும் இழுக்கும் சக்ஷன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. அங்கே அவளுக்குக் குழாயக்கா என்று பெயர். கடைவாய்ப்பல் பிடுங்க அவர் வந்த அன்று நாற்காலி முழுவதும் நடுங்கி, தட்டில் இருந்த இடுக்கிகள் நடனமாடின. டாக்டர், ஒன்று இவர் கையைப் பிடி, இல்லையென்றால் இவரை அனுப்பு என்றார். ஒரு கையில் குழாயும் மறு கையில் அவர் மணிக்கட்டுமாக நின்றாள். நடுக்கம் அவள் தோள் வழியாக ஏறிக் காது மடல் வரைக்கும் போயிற்று. இரண்டு மாதத்தில் கல்யாணம். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம், அந்தக் கை இடுப்பில் பட்டாலே போதும் என்றுதான் அவள் உடம்பு இருந்தது. ரவிக்கைக் கொக்கியைக் கழற்றவும் வராது, மாட்டவும் வராது அவருக்கு. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்பார். அவள் சிரிப்பாள். சுகம் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வடிவம் அதுதான்.

பத்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, பல் துலக்கிவிட்டு வருவதற்குள் கட்டில் நின்றுபோயிருந்தது. கல்லறையிலும் மண் அடங்கியதாகப் பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்குக் கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் உணர்ச்சி இல்லை. இஸ்திரி போடும்போது பெட்டி வயிற்றில் பட்டுத் தோல் கருகியது; ஏதோ தீயும் வாடை வருகிறதே என்று அடுப்பைப் போய்ப் பார்த்தாள். நரம்பு டாக்டர் ஊசியால் இருபது இடத்தில் குத்திவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். குளித்தாளா இல்லையா என்பதைத் துண்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவளுடைய நாத்தனார் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் உயிர் பிழைத்திருந்ததால், யாரிடமும் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. வயிற்றுக் காயத்தைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணியை வண்டியில் ஏற்றினாள். மருந்துக் கடைக்கு மேலே, மாடிப்படி முடிவில், மங்கல் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை; பெண்கள் தங்கள் சுகத்துக்கு வைத்துக்கொள்ளும் கருவிகள் விற்பது. அதை நடத்திய அம்மாள் அதற்கு முன்பு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அந்தப் பழக்கத்தில், பொருள்களை நீல வெல்வெட் துணியில் ஒவ்வொன்றாக வைத்து, "இதுவா? இல்ல, இதுவா?" என்று மட்டும் கேட்பார்.

"இது அதிரும்மா. ஓர் இடத்துல வெச்சா சுத்திப் பரவும். மெதுவா ஏறும், மெதுவா இறங்கும். இது அப்படி இல்ல. தொடவே தொடாது. சின்ன வாய் இருக்கு பாருங்க, அதைச் சுத்தி ஒட்டினாப்ல வெச்சா போதும். காத்தை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, அதுவே கூட்டிட்டுப் போயிரும். சில பேருக்கு இதுதான் உசுரு. சில பேர் ஒரே நாள்ல பயந்து பீரோவுக்குள்ள தள்ளிருவாங்க."

"கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?" என்றாள் நாத்தனார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "ரெண்டுமே கியருதான். ஒன்னுலதான் ஆரம்பிக்கணும். எடுத்த எடுப்புல அஞ்சுல போட்டீங்கன்னா மரத்துரும்."

"எனக்கு ஏற்கனவே மரத்துத்தான் போயிருக்கு," என்றாள் மனைவி. "உறிஞ்சுறது வேண்டாம். காலையில இருந்து அதையேதான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதே பொழப்பா?"

விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும், மூக்கு நுனியில்தான் உண்மை தெரியும் என்று அந்த அம்மாள் சொல்ல, அவள் அதிர்வதை மூக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மல் என்று நாத்தனார் நினைத்தாள். "இதுதான்," என்று அவள் சொல்லிவிட்டாள். வேறு எதையும் பார்க்கவில்லை.

பல் மருத்துவமனை ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறக்கும். அந்த இடைவேளையில் வீட்டுக்கு வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு அதை இயக்கினாள். முதல் நிமிடத்திலேயே கட்டிலின் இடது பாதி விழித்துக்கொண்டது. அவருடைய நடுக்கம்தான், சந்தேகமே இல்லை. மூச்சு வாங்கும்போது சற்றுத் தணிவதும், புரண்டு படுக்கும்போது விட்டு விட்டு வருவதும் அவருக்கே உரியவை. கட்டிலில் இருந்து சுவருக்குப் போய், சுவரில் இருந்து அலமாரிக்குப் போய், பாத்திரங்கள் மெல்லப் பேச ஆரம்பித்தன. வீடு முழுக்க அவர் இருந்தார். ஆனால் அவள் உடம்பில் ஒன்றும் இல்லை. கருவி அவள் மேல் இருந்தது. அவள் அதற்குக் கீழே ஒரு பலகைபோலக் கிடந்தாள். கையை நீட்டி இடது பாதியைத் தடவினாள். உள்ளங்கையும் கழுத்துக்குக் கீழேதானே, அதுவும் செத்திருந்தது. அதிர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மூன்று மாதம் தினமும் இப்படியே போயிற்று. மாடி வீட்டுக்காரர்கள் மதியத் தூக்கம் கெடுகிறது என்றார்கள். கீழ் வீட்டில் தனியாக இருந்த வரி அலுவலக எழுத்தர், கூரையில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று மிகவும் பணிவாகச் சொன்னார்.

"என்ன அண்ணி, சரியாப் போச்சா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"உன் அண்ணன் வர்றாரு. நான்தான் வரல."

இந்த மாதிரிப் பொருளை எந்தக் கடையிலும் மாற்றித் தர மாட்டார்கள். நாத்தனாரே போய் மற்றதை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றாம் கியர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். முதலில் காற்று, யாரோ தூரத்தில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல, இருக்கிறதா இல்லையா என்று வந்தது. பிறகு பாதம் குளிர்ந்தது. விரிப்பில் நெடுநாளாகக் கிடந்த ஒரு ரொட்டித் துணுக்கு முதுகில் குத்துவது தெரிந்தது. வயிற்றுத் தழும்பு இழுத்தது. அதற்குப் பிறகு வந்ததை அவளுக்கு அடக்கத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த வீட்டின் எல்லா ஜன்னல்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டன. கத்தினாள். கத்திய பிறகு, பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தான் தனியாக இங்கே வந்ததில்லை என்று நினைத்து அழுதாள். பிறகு எழுந்துபோய், தொழில் புத்தி விடாதே, கருவியின் சின்ன வாயை வெந்நீரில் மூன்று தடவை அலசி, தண்ணீரைக் கழுவும் தொட்டியில் ஊற்றினாள். மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் குழாயை அலசாமல் அவள் விட்டதே இல்லை. தண்ணீர் சற்றுப் பழுப்பாக இருந்தது. புதுப் பிளாஸ்டிக் என்று நினைத்தாள்.

மறுநாள் கீழ் வீட்டு எழுத்தர் படிக்கட்டில் அவளை நிறுத்தி, அவள் கணவருடைய மோவாயில் இருந்த தழும்பு சைக்கிளில் இருந்து விழுந்ததுதானே, நேற்றில் இருந்து ஞாபகமாகவே இருக்கிறது என்றார். எந்தத் தழும்பு என்று கேட்டாள். எழுத்தர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அவர் இறந்த பிறகுதான் அந்த வீட்டுக்குக் குடிவந்தார். அடுத்த வாரம், அவர் ஒரு பாட்டின் இரண்டாவது வரியை எப்போதும் தப்பாகப் பாடுவார் என்பது முடிவெட்டும் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவள் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் தெருக் குழாய் வழியாக எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் அவரைப் பற்றிப் பேச்சாக இருந்தது. பள்ளி வாட்ச்மேன் அவருக்காக ஒரு நாள் சாப்பிடவில்லை.

நாத்தனார்தான் கண்டுபிடித்தாள். அண்ணி அலமாரியில் இருந்து அண்ணனின் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, இதை யார் இங்கே விட்டுப் போனது என்று கேட்ட அன்று, அவள் கருவியைப் பிடுங்கிப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். "ஐயோ அண்ணி, அண்ணனை உறிஞ்சி எடுத்துக் கழுவித் தொலைச்சிருக்கீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்று மதியம் அலசிய தண்ணீரை டம்ளரில் பிடித்துவைக்கச் செய்தாள். மனைவி குடித்தாள், வெறும் தண்ணீர். மிச்சத்தை நாத்தனார் குடித்தாள். குடித்தவள் காது வரைக்கும் சிவந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன தெரியுது?"

"கூடப் பிறந்தவளுக்குத் தெரிய வேண்டாத விஷயம் ஒன்னு தெரியுது. விடுங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கான் பாவி."

எடுத்தது திரும்ப அவளுக்குள் போகாது என்பது இப்படி உறுதியாயிற்று. அதற்குப் பிறகு பதினொரு நாள் இரண்டு கருவிகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றைத் தொட்டால் அவர் வருவார், அவள் இருக்க மாட்டாள். மற்றதைத் தொட்டால் அவள் வருவாள், அவர் போய்க்கொண்டிருப்பார். தொடாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாளே பாதம் மறுபடி மரத்தது, ஐந்தாம் நாள் முழங்கால். எட்டாம் நாள் மருத்துவமனையில் ஒரு குழந்தை பயத்தில் அவள் விரலை ரத்தம் வரக் கடித்தது. டாக்டர் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாள். அந்தக் குழந்தையின் பல் எவ்வளவு சின்னதாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன்னிடம் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்தாள். கொக்கி மாட்ட வராத கைகள். அடியில் துண்டு வைத்த டம்ளர். நாற்காலியில் இருந்து நிமிர்ந்து பார்த்த ஒரு முகம். அவ்வளவுதான் இருந்தது. கடைசி வாரத்தில் அவர் மூச்சுக்குத் திணறியதும் இருந்தது. அது போனால் பரவாயில்லை என்று நினைத்தாள். ஆனால் எது போகும் என்று சொல்லும் கியர் அந்தக் கருவியில் இல்லை.

"அவரை வெச்சுக்கிட்டா நான் பொணமா படுத்துக்கிட்டு, அவர் ஆடுறதை வேடிக்கை பாக்கணும்," என்றாள் நாத்தனாரிடம். "எத்தனை வருஷம்?"

நாத்தனாருக்கு இருந்தது ஒரே அண்ணன். அவள் மேசையில் இருந்து அதிர்வதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நீங்க இருங்க அண்ணி. அவனை நாங்க பாத்துக்கிறோம்."

உறிஞ்சும் கருவியோடு அது ஐந்து மதியங்களில் முடிந்தது. முகம் நான்காவதாகப் போயிற்று. ஐந்தாவது மதியம் என்ன போனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே கருவியின் வாயை அலசினாள், எதற்கு அழுகிறோம் என்று பாதியில் யோசித்தாள், கை துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். உடம்பு முழுவதும் திரும்பியிருந்தது. வெயில் எந்தத் தோளில் அடிக்கிறது என்று தெரிந்தது. கட்டிலின் நடுவில் படுக்க ஆரம்பித்தாள். சில மதியங்களில் காரணம் இல்லாமல் நெஞ்சு ஒரு கிணறுபோல இறங்கும். உள்ளே எட்டிப் பார்ப்பாள், ஒன்றும் இருக்காது, அதனால் மூடவும் தெரியாது. துக்கம் போகவில்லை. அதற்கு உரிய ஆள்தான் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள் வந்து, அண்ணி என்று கூப்பிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனாள். ஏன் அப்படிக் கூப்பிடுகிறாள் என்று இவள் கேட்கவில்லை. கேட்டால் வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஊரில் இது பழகிப்போயிற்று. தண்ணீரில் உப்பு கூடியதைப் பேசுவதுபோல அவரைப் பற்றியும் பேசினார்கள். யாருக்கு அவருடைய எந்த ஞாபகம் என்பதில் பொறாமை இல்லை, கேட்டவர்களுக்குச் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து, பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் ஒருவர் பல் பிடுங்க வந்தார். மருந்து ஏறி வாய் மரத்துக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க. இந்த நாற்காலியில படுத்ததும் கிடுகிடு ஞாபகம் வந்துருச்சு. பொண்டாட்டி மேல உசுரையே வெச்சிருந்தாரு மனுஷன். அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்களோ."

டாக்டர் கையுறையைச் சரிசெய்துகொண்டார், உதவியாளரைப் பார்க்கவில்லை. கண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்தது. அது சூடாக இருந்தது.

"நல்லாத்தான் இருப்பாங்க," என்றாள் அவள். "வாயை நல்லாத் திறங்க."

குழாயைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்தாள். பல் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது.