கந்தசஷ்டிக்கு வந்த கார்னோட்டோரஸ்

...கொம்பு இருந்தால் புல்தான் தின்னும் என்று இந்த மனுசிக்கு யார் சொன்னது, மூன்று வாரமாக இந்த டைனோசரைச் செய்யச் செய்ய வட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போதெல்லாம் வடிவு வடிவு என்றவர், நானும் மகள் சிவானியும் விட்பியிலுள்ள அவர் வீட்டுக்குக் கார் எடுத்த பிறகு போன் பண்ணுகிறார், "துர்க்கா, உது மச்சம் மாமிசம் தின்னுறதாம், இப்பதான் மகன் சொன்னவன். கொம்பைப் பாத்திட்டு நான் மாடு மாதிரி எண்டெல்லோ நினைச்சன். சஷ்டி விரதத்துக்கை உதை பிறந்தநாள் மேசையில வைக்கேலாது, பல்லைக் கழட்டிப்போட்டு வாயில ரெண்டு இலையைச் செருகிவிடும்." நானும் "ஓம் மச்சாள்" என்றேன். ஏன் சொன்னேன்? பிறந்தநாள் என் மகளுக்கு, ஆனால் எங்கள் மல்வேர்ன் வீட்டில் பத்துப் பேர் இருக்க இடமில்லை, இவருடைய அக்கா வீடு பெரிது, அங்கே நிசாந்தினி மச்சாள் வைத்ததுதான் சட்டம்... எரிச்சல் எரிச்சலாக வருகிறது. முன் சீற்றில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது ஸ்பொஞ்சை வெட்டி ஒட்டிச் செய்த எங்கள் கார்னோட்டோரஸ், கண்ணுக்கு மேலே இரண்டு கட்டைக் கொம்பு, உடம்பெல்லாம் சொரசொரப்பு, கை இருந்தும் இல்லாத மாதிரி, வாய்க்கே எட்டாது, இரையைப் பிடிப்பதும் கிழிப்பதும் வாயால்தானாம், சிவானி சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொரு பல்லையும் உள்ளே வளைத்து ஒட்டினேன். பல் போனால் அதற்கு என்ன மிச்சம்? நேரே ஓடினால் பிடிக்க முடியாதாம், வால் விறைப்பு, சட்டென்று திரும்பத்தான் முடியாதாம். எனக்கும் இந்த 401 நெடுஞ்சாலையில் திரும்ப இடமில்லை, முன்னே லொறி, பின்னே லொறி, கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான், சேலை நிறமா, ஓம் மச்சாள், பிள்ளைக்குப் பெயரா, ஓம் மச்சாள்...

மச்சாள் வீட்டு வாசலில் காரை நிறுத்திக் கத்தரிக்கோலை எடுத்தேன். "சிவானி, அம்மா இதின்ர பல்லை வெட்டட்டே? மாமி சொல்லுறா." கத்துவாள், காரை விட்டு இறங்கமாட்டேன் என்பாள், அதைச் சாட்டாக வைத்து இன்றைக்காவது ஒரு சண்டை பிடிக்கலாம் என்று உள்ளுக்குள் ஆசையோடு காத்திருந்தேன். அவள் கார்னோட்டோரஸைப் பார்த்தாள், பிறகு மச்சாள் வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா," என்றாள்.

கோபமில்லை, அழுகையில்லை, உடனே வந்த ஓம். இந்தக் குரலை நான் எங்கே... சற்று முன் போனில், என் வாயிலிருந்து. எட்டு வயதில் எப்படிப் பழகினாள்? முதல் பல்லில் கத்தரிக்கோல் அப்படியே நிற்கிறது, மச்சாள் கதவைத் திறந்து வாருங்கோ வாருங்கோ என்று கை காட்டுகிறார்.