மார்லிஸ் இல்லாத நாற்பத்தொரு மைல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் பாதிதான் நான் கண்ணால் பார்த்தது. மீதிப் பாதி நடந்தபோது அங்கே நானும் இல்லை, வேறு யாரும் இல்லை. அந்த மீதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெர்மான்ட்டில், மலைகளுக்கு நடுவே போகும் சாலையில், பெட்ரோல் பங்க்கோடு ஒட்டிய கடை ஒன்றில் பத்தொன்பது வருடங்களாகக் கல்லாவில் நிற்கிறேன். அக்டோபர் வந்தால் எங்களுக்குத் திருவிழா. இலை பழுப்பதைப் பார்க்க லீவு போட்டுக்கொண்டு நாலு மாநிலம் தாண்டி வருகிறார்கள் ஜனங்கள். கிண்டல் செய்ய வாய் அரிக்கும். ஆனால் என் சோறு அந்த இலையில்தான் விழுகிறது, அதனால் அடக்கிக்கொள்வேன். அதற்குப் பதிலாக எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தேதியில் யார் வந்து நின்றாலும், "அடடா, போன வாரம் வந்திருக்கணும் நீங்க!" என்று சொல்லிவிடுவோம். போன வாரம் வந்தவர்களிடமும் இதையே சொல்லியிருப்போம். வந்தவர்கள் முகம் வாடுவதைப் பார்ப்பதில் ஒரு சின்ன சந்தோஷம்.

அப்படிச் சொல்லியும் முகம் வாடாத ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும். டெல்பர்ட் ஹோஃப், ஒஹையோ மாநிலத்துக்காரர். "பரவால்லைங்க. எனக்கு எந்த வாரமும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு ஒரு காபி வாங்கிக்கொண்டு போனார்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"இலையுதிர் காலம் தன் தூரிகையை எடுத்து மலைச்சரிவெங்கும்..." அடித்துவிட்டேன். இலையைப் பற்றி எழுதுகிறவன் தூரிகையைத் தொட்டால் விரலை ஒடிக்க வேண்டும்.

"இடியென முழங்கியபடி அந்த மோட்டார் சைக்கிள்..." இதுவும் பொய். அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. சோபாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். நானூறு கிலோ எடை, பின்சீட்டுக்குச் சாய்மானம், கைப்பிடி, சாமான் வைக்கப் பெட்டி. பின்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டுகிறவருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. நம் கதைக்கு இது முக்கியம்.

"டெல்பர்ட் தன் மனைவியைப் பெட்ரோல் பங்க்கில் விட்டுவிட்டுப் போய்விட்டார்." இதுதான் சரி. இதற்குமேல் நகை நட்டு வேண்டாம்.

3

டெல்பர்ட்டுக்கு அறுபத்தொன்பது வயது. தானியக் கிடங்கு ஒன்றை நிர்வகித்து ஓய்வு பெற்றவர். மனைவி மார்லிஸ், பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். பகல் முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதமாகப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்ததும் வாயைப் பூட்டிக்கொள்வார். டெல்பர்ட்டுக்கு வாய் பிறவியிலேயே பூட்டியது. இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சாப்பிடுவார்கள். சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போடவும் பேச வேண்டுமே.

ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் எழுநூறு மைலுக்குமேல் ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். இது முப்பத்துநான்காவது வருடம். ஹெல்மெட்டுக்குள் ஒரு மைக், காதோரம் ஒரு ஸ்பீக்கர். வண்டி நகர்ந்ததும் மார்லிஸ் ஆரம்பிப்பார். "டெல், வலப்பக்கம் பாரு, சிவப்பு! அந்தச் சரிவு முழுக்க நெருப்பு வெச்ச மாதிரி! பாத்தியா?" டெல்பர்ட், "பாத்தேன் பாத்தேன்" என்பார். வழியில் இரண்டு நாளும் பேச்சு ஓயாது.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: முன்பெல்லாம் இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு ஒயர் ஓடும். இந்த வருடம்தான் ஒயரில்லாத புதுக் கருவி. பழைய ஒயர் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அல்லது மார்லிஸின் கழுத்தோடு முடிந்திருக்கும்.)

அன்று காலை பெட்ரோல் போடும்போது மார்லிஸ் சொன்னார். "டெல், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"இப்ப வேண்டாம். வண்டி கிளம்பட்டும், சொல்றேன்."

பைக் தம்பதிகளுக்குள் ஒரு சட்டம் உண்டு. பின்னால் ஏறுகிறவர் நன்றாக உட்கார்ந்தபின் முன்னால் இருப்பவரின் தோளில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டினால் கிளம்பலாம். தட்டியபின் இறங்கக் கூடாது. மார்லிஸ் ஏறினார், இரண்டு தட்டு தட்டினார். தட்டிய பிறகுதான் கையுறையை என் கல்லாமேல் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. "ஒரு நிமிஷம், டெல்" என்று இறங்கினார். மைக்கை இன்னும் போட்டிருக்கவில்லை. டெல்பர்ட்டின் காதில் ஹெல்மெட். தட்டு விழுந்துவிட்டது, கிளம்பிவிட்டார்.

4

இனி நான் பார்க்காத பாதி.

முதல் பத்து மைல் டெல்பர்ட் பேசவில்லை. மார்லிஸ் சொல்லட்டும் என்று காத்திருந்தார். எதிரே வந்த பைக்காரர்கள் வழக்கப்படி இடது கையை இறக்கி இரண்டு விரல் நீட்டினார்கள், இவரும் நீட்டினார். காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. சிவப்பு என்றோ மஞ்சள் என்றோ ஒரு சொல்கூட வரவில்லை. சொல்லத் தயங்குகிறாள், அப்படியானால் பெரிய விஷயம் என்று நினைத்தார். பயத்தில்தான் முந்திக்கொண்டார்.

"மார்லிஸ், நீ சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். குறுக்கே பேசாதே."

மார்லிஸ் குறுக்கே பேசவில்லை. அது அவருக்குத் தைரியம் கொடுத்தது.

"எனக்குச் சிவப்பு தெரியாது. பச்சையும் தெரியாது. சின்ன வயசுலேர்ந்தே. ரெண்டும் எனக்குப் பழைய சாக்கு மாதிரி ஒரே நிறம். மஞ்சள் தெரியும், அதனால மஞ்சளாகிற பிர்ச் மரம் வந்தா தப்பிச்சேன். நீ நெருப்பு மாதிரின்னு சொல்லுவே பாரு, அங்கெல்லாம் எனக்குச் சாக்கு மூட்டைதான் அடுக்கி இருக்கும். முப்பத்து நாலு வருஷமா சாக்கைப் பாத்துத் தலையாட்டிட்டு இருக்கேன், மார்லிஸ்."

வளைவு ஒன்றைத் தாண்டினார்.

"கோவமா? கோவப்படு. மொத வருஷமே சொல்லியிருப்பேன். ஆனா நீ பேச ஆரம்பிச்சே. வீட்ல உப்பு எங்கன்னு கேட்டாகூட விரலாலதான் காட்டுவே. அன்னிக்கு ஏழு மணி நேரம் பேசினே. மரத்துக்கு மரம் பேசினே. நான் பாத்ததே இல்லாத ஒண்ணை எனக்காக நீ சொல்லச் சொல்ல... எனக்கு இலையெல்லாம் வேண்டாம்டி. எனக்கு நீ பேசணும். அவ்வளவுதான். சொல்லிட்டா நீ நிறுத்திடுவியோன்னு பயம். இப்பவும் பயம்தான்."

(எனக்கே ஒரு சந்தேகம். பேசாத மனிதர் இவ்வளவு நீளமாகப் பேசுவாரா? முதல் பிரதியில் மூன்று வரிதான் கொடுத்திருந்தேன். பிறகு யோசித்தேன்: குறுக்கிட ஆள் இல்லை, முகம் பார்க்க வேண்டியதில்லை, சாலையோ முடிகிற வழியாக இல்லை. என்னை அப்படி விட்டிருந்தால் நானும் என் மனைவியிடம் என்னென்னவோ...

இதை இங்கேயே நிறுத்துகிறேன். இது டெல்பர்ட்டின் கதை.)

5

அதே நேரத்தில் என் கடையில் நடந்தது சத்தியமாக நான் பார்த்தது.

மார்லிஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சாலைவரை ஓடி, "டெல்! டெல்!" என்று, வண்டி மைக்குக்கு எட்டாத தூரம் போய்விட்டது தெரியாமல், மைக்கில் கத்திவிட்டுத் திரும்பி வந்தார். ஓடினார் என்றா சொன்னேன்? ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"நம்பர் சொல்லுங்கம்மா, கூப்பிடலாம்" என்றேன்.

"நம்பர் என் போன்ல இருக்கு, தம்பி. போன் வண்டிப் பெட்டியில இருக்கு. வண்டி டெல்கிட்ட இருக்கு. டெல் எங்க இருக்கார்னு போன்ல பாத்தாத்தான் தெரியும்."

"போலீசுக்குச் சொல்லட்டுமா?"

"என்னன்னு? பொண்டாட்டியைக் காணோம்னா? அதான் இங்க நிக்கிறேனே." பிறகு தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வருவார். கொஞ்சம் மெதுவாத்தான் உறைக்கும்."

ஆப்பிள் சாறு விட்டுப் பிசைந்து பொரித்த டோனட் ஒன்று கொடுத்தேன். அதைத் தின்றுகொண்டே, ஏதோ மழையைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, இனி பைக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இதுதான் கடைசி அக்டோபர். வண்டி கிளம்பியதும் டெல்பர்ட்டிடம் சொல்ல இருந்தது அதுதான்.

"வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"வீட்லயா?" என்று என்னை ஏதோ அசட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வீட்ல நாங்க பேசிக்கிறதில்லையே, தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"பாவம், அவர் ரோட்டைப் பாத்து ஓட்டணும். இலையை எப்ப பாப்பார்? நான் சொன்னாத்தான் உண்டு. நான் ஏறலைன்னா அவருக்கு அக்டோபரே கிடையாது. அதை எப்படிச் சொல்றது?" என்றார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவோ என்னவோ, எதிரே நிற்கும் மரத்தைக் காட்டி, உச்சியில் தக்காளி நிறம், இறங்க இறங்க ஆரஞ்சு, அடியில் ஒரு கிளை மட்டும் பிடிவாதமாகப் பச்சை என்று எனக்கு விவரிக்க ஆரம்பித்துவிட்டார். பத்தொன்பது வருடமாக அந்த மரத்தைக் குப்பை போடுகிற மரம் என்று மட்டுமே நான் அறிவேன்.

6

நாற்பத்தொன்றாம் மைலில் மலைக்காட்சி பார்க்க ஓர் இடம் உண்டு. டெல்பர்ட் அங்கே நிறுத்தினார். பின்னால் இருப்பவர்தான் முதலில் இறங்க வேண்டும், அதுவும் சட்டம். காத்திருந்தார்.

"இறங்கு, மார்லிஸ்."

அசைவில்லை.

"கோவம்னா கோவமாவே இறங்கு. ராத்திரி வரைக்கும் இப்படியே உக்காந்திருக்க முடியாது."

பக்கத்தில் நின்ற தாடிக்காரப் பைக்காரர் ஒருவர் மெல்லக் கேட்டார். "யார்கிட்ட பேசுறீங்க, அண்ணே?"

"பொண்டாட்டிகிட்ட."

"எங்க இருக்காங்க?"

"பின்னாடி."

தாடிக்காரர் காலிச் சீட்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "அவங்க எப்பவும் உங்க கூடவேதான் இருப்பாங்க, அண்ணே" என்று ஆறுதலாகத் தோளில் இரண்டு தட்டு தட்டினார். தட்டு விழுந்ததும் டெல்பர்ட்டின் கை தானாகப் போய் வண்டியைக் கிளப்பிவிட்டது. அப்போதுதான் ஏதோ உறைத்துத் திரும்பிப் பார்த்தார்.

பதறிப்போய் மார்லிஸின் போனுக்கு அடித்தார். மணி பின்னாலிருந்த பெட்டிக்குள் அடித்தது. பெட்டிக்குள்தான் இருக்கிறாள் என்று அரை நிமிடம் நம்பியதாக அவரே என்னிடம் சொன்னார். திறந்தும் பார்த்தாராம்.

7

திரும்பி வந்து கடைவாசலில் நின்றபோது அவர் முகம் வெளுத்திருந்தது. மார்லிஸ் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வாங்க ஐயா. எதையோ விட்டுட்டுப் போன மாதிரி இல்ல?"

"மார்லிஸ், நாப்பத்தோரு மைலும் நீ பின்னாடி இருக்கேன்னு நெனச்சேன்."

"நாப்பத்தோரு மைலா? வழியெல்லாம் என்ன பண்ணினே?"

டெல்பர்ட் தரையைப் பார்த்தார். "பாட்டு... பாடிட்டுப் போனேன்."

"நீயா? பாட்டா?" மார்லிஸ் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு, "என் கையுறை உள்ள இருக்கு, எடுத்துட்டு வா. சிவப்பு" என்றபடி வண்டியருகே போனார்.

கல்லாமேல் இரண்டு ஜோடி கிடந்தன. ஒன்று மார்லிஸுடையது. இன்னொன்று அதே மாதிரியான, யாரோ மறந்துவிட்டுப் போன பச்சை ஜோடி. டெல்பர்ட் இரண்டையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பச்சையை எடுத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் மற்றதை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையிலிருந்துதான் நான்காம் பகுதி முழுவதையும் எழுதினேன். வேறு சாட்சி என்னிடம் கிடையாது.

முப்பத்துநான்கு வருடம் ஒரு மனைவிக்கு இது தெரியாமலா இருக்கும் என்று கேட்பீர்கள். சிக்னலில் சிவப்பு மேலே இருக்கும், சட்டையை அவள் எடுத்துவைப்பாள், மற்றதற்கு "பாத்தேன் பாத்தேன்" போதும். உங்கள் வீட்டில் உங்களுக்குத் தெரியாதது எவ்வளவு என்று நான் கேட்டேனா?

8

மார்லிஸ் ஏறினார். இரண்டு தட்டு. இந்த முறை டெல்பர்ட் கையைப் பின்னால் விட்டு, முழங்கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பின் நடந்தது எனக்குத் தெரியாது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மார்லிஸ், "எனக்கு அப்பவே தெரியும், டெல்" என்பது ஒன்று. வேண்டாம், நீங்களே எழுதிவிடக்கூடிய முடிவு அது. இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, "நீ சொல்லு", "இல்ல, நீ மொதல்ல சொல்லு" என்று ஒஹையோ வரைக்கும் போவது இன்னொன்று. எனக்குப் பிடித்தது. ஆனால் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவர்கள் திரும்பவும் பேசாமல்...

இல்லை. அது கொடுமை. அதை என் கையால் எழுத முடியாது.

அதனால் இதுவரைக்கும் மட்டும் எழுதித் தருகிறேன். வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் மார்லிஸின் குரல்.

"டெல், ஒண்ணு சொல்லணும்னேனே... இரு, அதுக்கு முன்னாடி, இடப்பக்கம் அந்த மேப்பிள் மரத்தைப் பாரு. ஐயோ, இதை என்ன நிறம்னு சொல்றது? எனக்கு வார்த்தையே வரல. ஒருதடவை நீ சொல்லேன். உனக்கு எப்படித் தெரியுது?"

டெல்பர்ட் மரத்தைப் பார்க்கிறார். காலையில் வழியெல்லாம் அவர் பேசிய அத்தனையும் அப்படியே இருக்கிறது, ஒரு சொல்கூடப் போய்ச்சேரவில்லை. அதை முழுக்கக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். நான்கூடக் கேட்கவில்லை, எழுதத்தான் செய்தேன்.

மார்லிஸ் காத்திருக்கிறார். மரம் கிட்டே வந்துவிட்டது. அவருக்குப் பதிலாக நீங்களே சொல்லுங்கள்.