ஆல்வின் ஊற்றிய மீதி

கேட்காமலே உதவி செய்கிறவன் வீட்டுக்கு ஒருவன் இருப்பான். சிநேகாவின் வீட்டில் அது அவள் அண்ணன் ஆல்வின். சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப் போகும் கார் ஓட்டுகிறான். என்ஜினுக்குள் உராய்வைக் குறைக்கும் திரவம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பாட்டில் வாங்கி, பாதியைக் கார் ஆயிலில் ஊற்றினான். கார் சத்தமில்லாமல் ஓடியது. அதோடு விட்டிருக்கலாம்.

"மீதி வீணாத்தானே போவுது, தங்கச்சி பைக்ல ஊத்து. காலைல கல்பாக்கம் போவணும் அது" என்றாள் அம்மா மார்கரெட். பாத்திரத்தில் பருக்கை மிஞ்சினாலும் பொறுக்காதவள். சிநேகா அப்போது சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தாள். அவள் வரும்வரை காத்திருந்து ஒரு வார்த்தை கேட்க இருவருக்குமே தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்த வீட்டில் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படித்தவள் அவள் ஒருத்திதான்.

கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி வேலைக்குச் செய்முறைத் தேர்வு. வேலை பார்த்த பட்டறை மூடியதிலிருந்து வீட்டில் கிடந்தவளுக்கு முதல்முறையாக வந்த அழைப்பு. செங்கல்பட்டிலிருந்து விடிந்ததும் கிளம்பிவிட்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு சின்ன மேட்டில் பைக் மக்கர் செய்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் என்ஜின் அலறியது, சக்கரம் மட்டும் அசைய மாட்டேன் என்றது. கிளட்ச் வழுக்குகிறது. கேபிளைச் சரிசெய்தாள். பயனில்லை. ஆயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டாள். ஆயில் நிறமே மாறியிருந்தது. வீட்டுக்கு போன் போட்டாள்.

"ஆமா, அண்ணன்தான் ஆசையா ஊத்துச்சு" என்றாள் மார்கரெட், பெருமையாக.

சிநேகாவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. காரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. பைக்கில் அது என்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. அதன் தட்டுகள் ஒன்றையொன்று கவ்வினால்தான் வண்டி நகரும்; உராய்வு போனால் வழுக்கும். பைக்கில் ஊற்றாதே என்று பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள். அதைப் படிக்க ஆல்வினுக்கு எங்கே நேரம்?

கைகாட்டியும் பஸ் நிற்கவில்லை. பைக்கை ஒரு டீக்கடையில் விட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது.

"ஆரம்பிச்சுட்டாங்கம்மா. அடுத்த தபா பாரு" என்றார் காவலாளி. அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. கோபம் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் ஆல்வின் வந்தான். விஷயம் கேட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நல்லதுக்குத்தான ஊத்துனேன். அப்பவே சொன்னேன், பொம்பளப் புள்ளைக்கு கியர் வண்டி இன்னாத்துக்குன்னு" என்றான்.

"வுடு, சண்ட வேணாம். வந்து துன்னு" என்று மார்கரெட் தட்டை வைத்தாள். அந்த வீட்டில் எந்தச் சண்டையும் இப்படித்தான் சோற்றோடு விழுங்கப்படும். எப்போதும் விழுங்குகிறவள் சிநேகா.

இன்று அவள் தட்டைத் தொடவில்லை. அடுப்படிக்குப் போய் மிச்சமிருந்த ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற காரிடம் நடந்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றான் ஆல்வின்.

"ரசம் மீந்து கீது. வீணாத்தானே போவுது. உன் வண்டில ஊத்தறேன்."

ஆல்வின் வெற்றுடம்போடு ஓடிவந்து காரின் முன்னால் கையை விரித்து நின்றான். "என்னைக் கேக்காம என் வண்டில கைய வெப்பியா நீ?"

சிநேகா சட்டியை இறக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஓ. கேட்டுட்டுத்தான் வெக்கணுமா?"

விரித்த கையை மடக்கவும் தெரியாமல் அவன் நின்றான். மார்கரெட் கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். சண்ட வேணாம் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

சிநேகா உள்ளே போய், ரசத்தைத் தன் சோற்றில் ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தாள்.